திருக்கழுக்குன்றத்துக் கழுகுகளைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வேதமலை அடியார்:
அப்போதெல்லாம் உச்சிவேளை நெருங்கும்போது கோயில் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் வந்து உட்காருவார். வானத்தில் ஒரு புள்ளி தெரியும், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. வட்டமடித்து இறங்கி, பாறைமேல் தத்தித் தத்தி வந்து, அவர் கையருகிலேயே கொத்தித் தின்னும். அழுக்கு வெள்ளை உடம்பு, இறகில்லாத மஞ்சள் முகம், ஒல்லி அலகு. யுகத்துக்கு இருவராக எட்டு முனிவர்கள் சாபத்தால் கழுகானார்கள் என்பது தலபுராணம். திரேதாயுகத்தில் சம்பாதி, சடாயு. கலியில் சம்பு, ஆதி. 1990-களுக்குப் பிறகு வரவே இல்லையே, அதுதான் மனசைக் குடைகிறது.

செங்கல்பட்டான்:
கலி முற்றிவிட்டது, பாவம் பெருகிவிட்டது, வேறென்ன.

பாறு காப்போம்:
பாவத்தின்மேல் பழி போட்டுவிட்டு நகர முடியாது ஐயா. அது பாப்பாத்திக் கழுகு, பாறு இனம், அதாவது பிணந்தின்னிக் கழுகு. நாடு முழுக்கப் பாறுகள் சரிந்ததும் அதே காலம்தான். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலி ஊசிதான் பெரிய காரணம். ஊசி போட்ட மாடு சில நாளில் செத்தால் மருந்து இறைச்சியில் தங்கிவிடும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பு பூசியதுபோல் படியும். கால்நடைக்கு இந்த மருந்தை 2006-இல் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்கே போட்டதால், 2015-இல் குப்பியின் அளவை 3 மி.லி. ஆக்கினார்கள்.

படியேறி:
கழுகு வராவிட்டாலும் மலைக்குப் போங்கள். 565 படி. செருப்பைக் கீழேயே விட வேண்டும், அதனால் வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கல் சுடும். தேங்காய் பழத்தைப் பைக்குள் மூடி வையுங்கள், குரங்கு பறித்துவிடும். மேலே வேதகிரீசுவரர், சொக்கநாயகி. நான்கு வேதங்களே நான்கு மலைகள், அதர்வண மலையில் ஈசன் என்பது ஐதீகம். இறங்கும் வழியில் ஒருகல் மண்டபத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பல்லவர் குடைந்த குடைவரை அது. 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்; பக்கத்துச் சதுரங்கப்பட்டினம் அப்போது அவர்கள் கையில். அதைப் பார்த்து நீங்களும் சாவியால் கீறாதீர்கள், தயவுசெய்து. பிறகு மலையடியில் இருக்கும் தாழக்கோயிலில் பக்தவத்சலேசுவரர், திரிபுரசுந்தரி.

வேதமலை அடியார்:
சங்குதீர்த்தத்தை விட்டுவிட்டீர்களே! 12 ஆண்டுக்கு ஒருமுறை அந்த நன்னீர்க் குளத்தில் சங்கு பிறக்கும் என்பது ஐதீகம். கடைசியாக 2024 மார்ச்சில் கிடைத்தது. சேறு அப்பியபடி கரையொதுங்கியதைத் தட்டில் ஏந்தி மேளதாளத்தோடு கொண்டுபோனார்கள். தாழக்கோயிலில் கேட்டால் பழைய சங்குகளைப் பற்றிச் சொல்வார்கள்.