முன்சக்கர உராய்வைக் கண்ணால் காட்ட வழி இருக்கா?

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். நியூட்டன் விதிகளில் ஒரு இடத்தில் உங்க உதவி வேணும்.

சைக்கிள் மிதிக்கும்போது பின்சக்கரம் தரையைப் பின்னால் தள்ளுது. மூன்றாம் விதிப்படி தரை அதை முன்னால் தள்ளுது. அந்த உராய்வுதான் வண்டியை முடுக்குற புறவிசை. ஆற்றல் காலில் இருந்து வருது, விசை ரோட்டில் இருந்து வருதுன்னு சொன்னதும் வகுப்பே சிரிச்சுது. "எண்ணெய் கொட்டின தரையில மிதிச்சுப் பாருங்கடா"ன்னேன், அடங்கிட்டாங்க.

பின்சக்கரத்தால் ஓடும் பேட்டரி பொம்மைக் காரை, உருளைப் பென்சில்கள் மேல் வைத்த அட்டையில் விட்டேன். அட்டை பின்னால் ஓடுச்சு, அது போதும்.

சிக்கல் முன்சக்கரத்தில். அதுக்குச் சங்கிலி கிடையாது. வேகம் கூடும்போது அதைச் சுழற்றுவது தரை உராய்வுதான், அதனால் அங்கே உராய்வின் திசை பின்னோக்கி. அப்படின்னா முன்சக்கரத்துக்குக் கீழே தனியா வைத்த அட்டை முன்னால் நகரணும். விசை ரொம்பக் கம்மி போல, அசையவே மாட்டேங்குது.

சக்கர விளிம்பில் எடை ஏற்றினா நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் தன்மை) கூடி, அட்டை நகருமா? யாராவது செய்து பார்த்திருக்கீங்களா? செலவில்லாத வேற வழி இருந்தாலும் சொல்லுங்க. வீடியோ இருந்தா ரொம்ப நல்லது.