புதுப்பிப்பு: லோ டைடில் மட்டும் அதிர்ந்த கடல்நீர் பம்ப்

போன பதிவின் கேள்வி: மும்பை கடலோர மின்நிலையத்தில், லோ டைடு (கடல்மட்டம் இறங்கும்) நேரத்தில் மட்டும் குளிர்விப்பு நீர் பம்பின் ஆம்பியர் (மோட்டார் இழுக்கும் மின்னோட்டம்) ஊசலாடி அதிர்வு ஏறுகிறதே, காரணம் இம்பெல்லரா (நீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) பேரிங்கா?

இரண்டுமில்லை. பம்புக்கு முன் கடல்நீர்க் குப்பையைத் தடுக்கும் சுழல் சல்லடையான டிராவலிங் ஸ்கிரீனின் அடைப்புதான். மழைக்காலக் குப்பையில் மீனைவிட பிளாஸ்டிக் பைதான் அதிகம். ஸ்கிரீன் அடைத்தால் அதன் பின்பக்க, அதாவது பம்ப் இருக்கும் பக்க, நீர்மட்டம் இறங்கும். ஹை டைடில் 30 செ.மீ. குறைந்தாலும் பம்புக்குத் தெரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய லோ டைடிலோ உபரியாகக் கைவசம் இருக்கும் நீர்மட்டமே அந்த 30 செ.மீ.தான். அதுவும் போனால், பெல்மவுத்துக்கு (பம்பின் உறிஞ்சு வாய்) மேல் சுழி விழுந்து காற்று உள்ளே போகும், ஆம்பியர் ஆடும்.

ஸ்கிரீனின் இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் கூடினால் அடிக்க வேண்டிய அலாரம் ஏன் அடிக்கவில்லை? பின்பக்க பப்ளர் குழாயின் (காற்றைக் குமிழியாக விட்டு, அதன் எதிரழுத்தத்தால் நீர்மட்டம் அளக்கும் குழாய்) நுனியில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டுக் கடலுயிரி) அடைத்து, எதிரழுத்தம் கூடி, நீர்மட்டத்தை உயர்த்திக் காட்டியது. வித்தியாசம் குறைவாகவே பதிவானது. இரு பக்கமும் டேப் விட்டு அளந்தபோதுதான் பிடிபட்டது.

இப்போது செய்வது: பப்ளர் குழாய்களை வாராவாரம் பர்ஜ் செய்வது (ஊதிச் சுத்தம் செய்வது), ஸ்கிரீனைக் கழுவும் ஸ்ப்ரே நாசில்களைக் கழற்றிக் கழுவுவது, லோ டைடுக்கு 2 மணி நேரம் முன்பே ஸ்கிரீனை டைமரிலிருந்து எடுத்துத் தொடர்ந்து ஓட்டுவது.

டிஸ்சார்ஜ் வால்வை (பம்பின் வெளியேற்ற வால்வு) குறைக்கச் சொன்ன செம்பூர் அண்ணனுக்கு: மிக்ஸ்டு ஃப்ளோ பம்பில் (நீரைச் சாய்வாகத் தள்ளும் வகை) அது வேண்டாம். ஓட்டம் ரொம்பக் குறைந்தால் உள்சுழற்சியால் அதிர்வு இன்னும் கூடும்.