மறு: ஐ.பி. கேமராவில் 'படம் நின்றுபோவது' – உறைவு, தேக்கம், நிலைகுத்தல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஐ.பி. கேமராவில் (வலையமைப்பு வழியாகப் படம் அனுப்பும் கண்காணிப்பு கேமரா) படம் நின்றுபோவதைக் கையேட்டில் எந்தச் சொல்லால் எழுதுவது என்ற கேள்விக்கு, இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: முடக்கம், நிலைப்பு, அசைவறுதல், உறைவு. ஏதாவது ஒன்றை உறுதிசெய்து கையேட்டை அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டுகிறேன். 'படம் நின்றுவிட்டது' என்ற ஒரே புகாருக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால், கேபிளை மாற்ற வேண்டியவர் கேமராவைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

படத்தின் மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பாருங்கள். பார்க்கும் மென்பொருள் தானாகக் காட்டும் கடிகாரத்தைச் சொல்லவில்லை. கேமராவே படத்தின்மேல் பதித்து அனுப்பும் கடிகாரம். 10:15:07 என்று காட்டியபடி படம் நிற்கிறது. மீண்டும் ஓடத் தொடங்கும்போது 10:15:09 என்று தாவினால், இடைப்பட்டது வந்து சேரவே இல்லை. 10:15:07-இல் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால், அல்லது விறுவிறுவென ஓடி நேரத்தை எட்டிப் பிடித்தால், எதுவும் தொலையவில்லை, தாமதமாக வந்திருக்கிறது. மூன்றாவது வகை அரிது. கடிகாரம் நொடி தவறாமல் ஓடும். அதன் கீழே நடந்துபோகிறவர் மட்டும் தூக்கிய காலோடு நிற்பார். வலையமைப்புக்கு இதில் பங்கில்லை. கேமராவுக்குள்ளே ஒளியைப் படமாக்கும் உணரியோ, அதன் படத்தைப் பக்குவப்படுத்தும் பகுதியோ நின்றுபோயிருக்கிறது.

முதல் வகைக்கு 'உறைவு' என்பதே என் வாக்கு. இரத்தம் உறைகிறது, நீர் உறைகிறது. ஓடிக்கொண்டிருந்த ஒன்று ஓட்டத்தை இழந்து நிற்பதைத்தான் அங்கெல்லாம் அந்தச் சொல் குறிக்கிறது. 'முடக்கம்' என்றால் முடக்கியவர் ஒருவர் பின்னால் இருக்கிறார், கணக்கை முடக்குவதுபோல. 'நிலைப்பு' என்ற சொல், ஆடும் படத்தை ஆடாமல் பிடித்து நிறுத்தும் வசதிக்கு ஏற்கெனவே நெருக்கமாக வந்துவிட்டது. வசதியும் கோளாறும் ஒரே பெயரில் இருக்கக்கூடாது. 'அசைவறுதல்' நல்ல தமிழ், ஆனால் இந்த இடத்தில் ஆபத்தானது. இதே கேமராவின் பட்டியலில் 'அசைவு கண்டறிதல்' என்று ஒரு வசதி இருக்கிறது. அங்கே அசைவு இல்லை என்றால் ஆள் நடமாட்டம் இல்லை என்று பொருள். காவலுக்கு வைத்த கருவியில் இந்த இரண்டும் குழம்பவே கூடாது.

உறைவு ஏன் நீள்கிறது என்பதையும் கையேடு சொல்ல வேண்டும். காணொளியைச் சுருக்கி அனுப்பும் முறைகளான எச்.264, எச்.265 இரண்டிலும் ஒவ்வொரு சட்டகமும் (காணொளியின் ஒவ்வொரு தனிப்படமும்) முழுப்படம் அல்ல. முதலில் ஒரு முழுச்சட்டகம் வரும். அதன்பின் வருபவை, முந்தையதிலிருந்து எது மாறியது என்பதை மட்டும் சொல்லும் சார்புச் சட்டகங்கள். நொடிக்கு 25 சட்டகம், 50 சட்டகத்துக்கு ஒருமுறை முழுச்சட்டகம் என்று அமைத்திருக்கிறோம் என்று வையுங்கள். நடுவில் ஒரு பொதி (வலையமைப்பில் படம் பிரித்து அனுப்பப்படும் தரவுத் துண்டு) தொலைந்தால், அடுத்த முழுச்சட்டகம் வரும்வரை சுத்தமான படத்துக்கு உறுதியில்லை. காத்திருப்பு 2 நொடி வரை போகும். பிட்வீதத்தை, அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை, குறைக்கும் 'ஸ்மார்ட்' அமைப்புகள் அந்த இடைவெளியை இன்னும் நீட்டுகின்றன. இந்த நேரத்தில் சில மென்பொருள்கள் கடைசியாகக் கிடைத்த நல்ல சட்டகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சில, கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றி, முகம் கட்டம் கட்டமாக இழுபடும் படத்தைக் காட்டும். காரணம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே 'உறைவு' என்ற பதிவில் 'சிதைவு காண்க' என்றும், 'சிதைவு' என்ற பதிவில் 'உறைவு காண்க' என்றும் இருக்க வேண்டும். தேட வேண்டிய இடமும் ஒன்றே: 100 மீட்டரைத் தாண்டிய கேபிள், சரியாக அழுத்தப்படாத முனை, கேபிள்கள் வந்து சேரும் வலையமைப்பு ஸ்விட்ச்சின் போர்ட்டில் ஏறிக்கொண்டேயிருக்கும் பிழை எண்ணிக்கை.

இரண்டாம் வகைக்கு, அதாவது தாமதமாக வந்து சேரும் படத்துக்கு, 'தேக்கம்'. பொதிகளை அனுப்பும் முறைகளில் ஒன்றான யு.டி.பி. வழியில் தொலைந்த பொதி தொலைந்ததுதான். இன்னொரு முறையான டி.சி.பி. தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கும். பின்னால் வந்தவை அதுவரை வரிசையில் நிற்கும். பாதை நிரம்பி வழிந்தாலும், பார்க்கும் கணினி படத்தை விரித்தெடுக்கத் திணறினாலும் இதே தோற்றம் வரலாம். கேமரா கூடவே அனுப்பும் குறைந்த தரப் படமான துணை ஓடைக்கு மாற்றிப் பார்த்ததும் சரியாகிவிட்டால், பெரும்பாலும் கொள்ளளவுதான் சிக்கல். பதிவுக்கருவியில் அதே நேரத்துக் காட்சி முழுமையாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் கேமராவையும் அதன் கேபிளையும் விட்டுவிடலாம்.

மூன்றாம் வகைக்கு 'நிலைகுத்தல்'. விழி நிலைகுத்தி நின்றது என்று எழுதுகிறோமே, அதுதான். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. கேமராவுக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தோன்றவில்லை.

'பயனர் மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்' என்று யாராவது சொல்லலாம்.

வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் 'படம் நின்றுவிட்டது' என்றே சொல்லட்டும். அது நல்ல தமிழ். 'கடிகாரம் தாவியதா, தொடர்ந்ததா, நிற்கவே இல்லையா?' என்று திருப்பிக் கேட்கப் போகிறவருக்குத்தான் கலைச்சொல் வேண்டும்.

இரவில் மட்டும் வரும் கோளாறுக்குத் தனிச்சொல் கேட்டிருந்தார்கள். தேவையில்லை என்று நினைக்கிறேன். இருட்டில் படத்தின் புள்ளியிரைச்சல் கூடி, பிட்வீதம் ஏறினால் அது தேக்கமாகவோ உறைவாகவோ முடியும். அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி மின்சாரம் போதாமல் போவது வேறு கதை: வலையமைப்புக் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் 802.3ஏஎஃப் முறையில் ஸ்விட்ச் 15.4 வாட் கொடுத்தால், கேமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட்தான். அதற்குமேல் இழுத்தால் கேமரா அணைந்து எழக்கூடும். கடைசிப் படம் திரையில் அப்படியே நிற்கும். அதை 'மறுதொடக்கம்' என்றே எழுதுவோம். கேமராவின் நிகழ்வுக்குறிப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாக்கி இருப்பது ஒன்று. பொதிகள் சீரான இடைவெளியில் வராமல் முந்தியும் பிந்தியும் வருவதற்கு வரைவில் 'நடுக்கம்' என்று இருக்கிறது. கம்பத்தில் பொருத்திய கேமரா காற்றில் ஆடுவதையும் எல்லோரும் நடுக்கம் என்றுதான் சொல்வார்கள். 'வரவுப் பிசகு' என்று மாற்றலாமா? இடைவெளி மாறுவதை அந்தச் சொல் தாங்குமா, அல்லது பொதி தவறான இடத்துக்கு வந்ததாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வாரா என்பதில் உங்கள் கருத்து வேண்டும்.

அன்புடன்