சொல் வேண்டும்: "லோ வோல்டேஜ்" நிலைக்கு, திங்கட்கிழமைக்குள்

குன்னூர், புதன் இரவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

திங்கள் காலை அச்சுக்குப் போக வேண்டிய பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்று மேசையில் கிடக்கிறது. எங்கள் பக்கம் விடுதிகளிலும் ஹோம்ஸ்டேக்களிலும் விளக்கு, கீசர், வாசல் கேட் என்று எல்லாவற்றையும் போனிலிருந்தே இயக்கும் கருவிகளை மாட்டிக்கொண்டே போகிறார்கள். பழுதென்றால் போய்ப் பார்ப்பது உள்ளூர் எலக்ட்ரீஷியன்கள்தான். அவர்களுக்கு நான் எடுக்கும் ஞாயிறு வகுப்புக்கான கையேடு இது.

கன்ட்ரோலருக்குக் கட்டுப்படுத்தி, மாட்யூலுக்குக் கூறு, பவர் சப்ளைக்கு மின்வழங்கி என்று எழுதிவிட்டேன். கை நிற்பது ஒரே இடத்தில். மின்சாரம் அறவே போகவில்லை, ஆனால் போதுமான அளவு வரவும் இல்லை. 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 170 இருக்கிறது. அல்லது 5 வோல்ட் தர வேண்டிய மின்வழங்கி 4.4 தருகிறது. கட்டுப்படுத்தி அணையவும் இல்லை, ஒழுங்காக ஓடவும் இல்லை. திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது. ஆங்கிலத்தில் பிரவுன்-அவுட் என்கிறார்கள். இந்தக் கருவிகள் பலவற்றில் இருக்கும் இஎஸ்பி32 சில்லு, தனக்கு வரும் அழுத்தம் குறைவதைத் தானே கண்டுபிடித்து, அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத்தான் மறுபடி தொடங்கும். அந்த வரியைத் தமிழில் எப்படி எழுதுவது?

மின்சாரம் போய்விட்டால் மின்வெட்டு என்கிறோம். யார் உண்டாக்கினாரோ, குழந்தைக்கும் தெரிந்த சொல். அதற்குப் பக்கத்தில் நிற்கத்தக்க ஒரு சொல்லைத் தேடுகிறேன். எனக்குத் தோன்றியது மின்தொய்வு. கொடியும் தொய்கிறது, கட்டில் கயிறும் தொய்கிறது, அறுந்துவிடுவதில்லை. கருத்துச் சொல்லுங்கள்.

கொடைக்கானல், வியாழன் காலை

அண்ணா, லோ வோல்டேஜ் என்றே போட்டுவிடுங்கள். தாண்டிக்குடியில் காப்பிப் பழ சீசனில் பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் மோட்டார் ஓடத் தொடங்கியதும் பல்பு மங்கும். எழுபது வயதுப் பாட்டி எனக்குப் போன் செய்து "லோ வோல்டேஜா இருக்குப்பா" என்றுதான் சொல்கிறார். அவருக்குப் புரிகிற சொல்லைவிட நல்ல சொல் எது?

மின்தொய்வு என்று எழுதினால் ஆபத்தும் இருக்கிறது. எங்களுக்கு லைன் தொய்வு என்றால் இரண்டு கம்பத்துக்கு நடுவில் கம்பி தாழ்ந்து தொங்குவது. காற்றில் ஒன்றோடொன்று உரசும், கீழே போகிற லாரியில் படும். மின்தொய்வு என்று யாராவது சொன்னால் நான் மீட்டரை எடுக்க மாட்டேன், ஏணியைத்தான் எடுப்பேன்.

பழனி, வியாழன் பிற்பகல்

தம்பி சொல்வது சரி, ஆனால் காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

தொய்தல் என்றால் தளர்தல் என்று மட்டும் இன்று நினைக்கிறோம். புறநானூறு 214-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாடியது. நல்வினை செய்தவர்க்குத் "தொய்யா உலகம்" கிடைக்கலாம் என்கிறான். தளராத உலகம் என்றல்ல, வினைகள் செய்யப்படாத மேலுலகம் என்று பழைய உரை பொருள் கொள்கிறது. அதாவது அங்கே தொய்தல் என்பது செய்தல். அந்தத் தொய்வை வைத்துப் பார்த்தால் மின்தொய்வு என்பது மின்சாரம் வேலை செய்வதையே குறித்துவிடும். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

சோர்வு என்று யாராவது சொல்லுமுன் அதையும் சொல்லிவிடுகிறேன். சோர்தலுக்கு ஒழுகுதல் என்றும் பொருள். கண்ணீர் சோரும், குருதி சோரும். மின்சோர்வு என்றால் படிப்பவர் மின்கசிவு என்று எண்ணிக்கொள்வார். தீவிபத்துச் செய்தி ஒவ்வொன்றிலும் வருகிற சொல் அது. குறள் 642 "சொல்லின்கண் சோர்வு" காக்கச் சொல்கிறது. சொல் படைக்கிறவர்களுக்கே சொன்னதுபோல இருக்கிறது.

என் சொல் நலிவு. நலிந்தவன் இறந்தவன் அல்லன். நிற்பான், ஆனால் சுமை தூக்க மாட்டான். ஐயா கேட்ட நிலை இதுதானே? மின்நலிவு.

உதகை, வியாழன் இரவு

அம்மா, நலிவு அருமையான சொல். மின்னோடு சேர்க்கும்போதுதான் இடிக்கிறது. ஒற்றையும் நகரத்தையும் சேர்த்துப் புணர்த்தினால் மின்னலிவு. படிப்பவர் கண் மின்னல் என்று பிரித்துவிடும். ஐப்பசி இடியில் கருவி எரிந்ததைப் பற்றிய பக்கம் என்று நினைத்துக்கொள்வார். புணர்த்தாமல் மின்நலிவு என்று விட்டால் உங்களைப் போன்றவர்களுக்கே உறுத்தும்.

நான் மென்பொருள்களைத் தமிழாக்குகிறவள். ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தால் என்ன ஆகும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். மின்தடையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அது ஓமில் அளக்கும் தடை. நாளிதழில் "நாளை மின்தடை" என்றால் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது. ஐயாவின் கையேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால்? தாழ்மின்னழுத்தமும் வேண்டாம். மின்கட்டணப் பட்டியலில் வீடுகளெல்லாம் தாழ்வழுத்தப் பிரிவு. அது குறையைச் சொல்வதில்லை, இணைப்பின் வகையைச் சொல்கிறது.

எனக்கு ஒரு கேள்வி. கருவிக்குள் 4.4 வோல்ட் வருவதும் வீட்டுக்குள் 170 வோல்ட் வருவதும் ஒரே பழுதா? ஒரே சொல் போதுமா?

பழனி, வியாழன் நள்ளிரவு

மகளே, புணர்ச்சியில் நீங்கள் நினைப்பது நடக்காது. தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் "மின்னும் பின்னும் பன்னும் கன்னும்" என்று நான்கு சொல்லைத் தனியே எடுத்து, தொழிற்பெயர்போல் நடக்கும் என்கிறது. நன்னூலும் அதையே சொல்கிறது. அதாவது உகரம் பெறும். மின்னுக்கடிது என்று உரைகாரர் காட்டுவார். பொன்னோடு தகடு சேர்ந்து பொற்றகடு ஆவதுபோல மின்னோடு தொடர் சேர்ந்து மிற்றொடர் ஆகாது. அந்த முறையில் மின்னுநலிவு. மின்கம்பியும்கூட மின்னுக்கம்பிதான். சொல்லிப் பாருங்கள், எவ்வளவு இனிமையாக இருக்கிறது.

கொடைக்கானல், வெள்ளி இரவு

உதகை அம்மா கேட்டதுதான் கேள்வி. மின்னுக்கம்பியைப் பிறகு பார்ப்போம்.

இரண்டும் ஒரே பழுது அல்ல. அதைக் குழப்பித்தான் எங்கள் ஆட்கள் நல்ல போர்டைக் கழற்றி எறிகிறார்கள். போன ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஏரிக்கு மேலே ஒரு ஹோம்ஸ்டே. விடிகாலையில் மட்டும் எதுவும் எழாது. ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், டக் டக் என்று அடிக்கும், வைஃபை வந்து வந்து போகும். ஒன்பது மணி வெயிலுக்குப் பிறகு எல்லாம் தானே சரியாகிவிடும். காலையில் எல்லோரும் கீசர் போடுகிறார்கள், லைனில் லோ வோல்டேஜ் என்று ஏற்கனவே ஒருவர் ஸ்டெபிலைசர் மாட்டிவிட்டுப் போயிருந்தார். பழுது அப்படியே இருந்தது.

அந்தக் கட்டுப்படுத்திக்கு வரும் அடாப்டரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது? 100 முதல் 240 வோல்ட் வரை. எஸ்எம்பிஎஸ் வகை, அதாவது வரும் அழுத்தம் மாறினாலும் தரும் அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் மின்வழங்கி. லைன் 170-க்கு இறங்கினாலும் நல்ல அடாப்டர் அசையாமல் 5 வோல்ட் தரும். ஸ்டெபிலைசர் அங்கே எதற்கு? சும்மா அளந்தால் 5.1 காட்டியது. லோடு கொடுத்து அளந்தபோது 4.3. உள்ளே இருந்த மின்தேக்கி (கெப்பாசிட்டர்) வயதாகிக் காய்ந்துபோயிருந்தது. அந்த வகைத் தேக்கிக்குக் குளிரில் உள்தடை ஏறும். புதியது என்றால் தாங்கிவிடும், காய்ந்தது தாங்காது. அதனால்தான் உறைபனிக் காலையில் மட்டும் மக்கர். கரண்ட்டை நிறுத்தி, அடாப்டரை ஹேர் டிரையரால் சூடாக்கி, மறுபடி போட்டேன். உடனே எழுந்தது. அடாப்டரை மாற்றியதோடு முடிந்தது.

இன்னொரு வகை, மின்வழங்கி நன்றாகவே இருக்கும், ஒயர்தான் மெலிசு. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் பதினைந்து மீட்டர் தள்ளிக் கருவி இருந்தால் போக வர முப்பது மீட்டர், ஏறக்குறைய 1 ஓம். ஓர் ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 1 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் கருவி அதைப் பொறுத்துக்கொள்ளும். 5 வோல்ட் கருவி படுத்துவிடும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினி வைத்திருக்கிறவர்கள் திரையின் மூலையில் மின்னல் குறி பார்த்திருப்பீர்கள். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் வருவது அது.

ஆனால் லைன் இறங்கினால் நிஜமாகவே தடுமாறுகிற கூறுகளும் உண்டு. சுவிட்ச் பெட்டிக்குள் சொருகும் மலிவான ரிலே கூறுகள் சிலவற்றில் எஸ்எம்பிஎஸ் கிடையாது. லைனோடு தொடராக ஒரு பிலிம் தேக்கி மட்டும் இருக்கும். லைன் குறைந்தால் அதே விகிதத்தில் உள்ளே வரும் மின்னோட்டமும் குறையும். அந்தத் தேக்கி நாளாக நாளாக மதிப்பும் இழக்கும். கடைசியில் எல்இடி எரியும், ரிலே மட்டும் இழுக்காது. அண்ணா, இந்தப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒன்று போடுங்கள்: அந்த போர்டில் 5 வோல்ட் என்று எழுதிய இடத்தைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும், லைனிலிருந்து அது பிரிக்கப்படவில்லை. சொல் எதுவாக இருந்தாலும் இது விட்டுப்போகக் கூடாது.

கோத்தகிரி, சனி காலை

அனைவருக்கும் வணக்கம். தாமதமாக வருகிறேன்.

லோ வோல்டேஜே போதும் என்று கொடைக்கானல் நண்பர் சொன்னது வருத்தமாக இருக்கிறது. 1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். அப்போது பைக்காராவில் மின்நிலையம்கூட வரவில்லை, அது வந்தது 1932-இல். அந்த மின்சாரம் வருமுன்பே அறிவியலைத் தமிழில் பேச வேண்டும் என்று நினைத்த ஊர்க்காரர்கள் நாம். அந்தச் சங்கத்தின் பெயர் சாத்திரீய பரிபாஷைச் சங்கம் என்று இருந்தது. இன்று கலைச்சொல் என்கிறோம். நூறு ஆண்டில் இவ்வளவு தூரம் வந்தவர்கள் அடாப்டரிலும் லோடிலும் ஏன் நிற்க வேண்டும்? வோல்ட்டை நான் கேட்கவில்லை, அது வோல்டா என்ற அறிஞரின் பெயர். மற்றவற்றை விடக் கூடாது. அடாப்டர் தகைவி, லோடு சுமை, ரிலே அஞ்சலி.

கொடைக்கானல், சனி காலை

ஐயா, கோபம் வேண்டாம். அஞ்சலி என்று எழுதினால் எங்கள் ஆட்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத்தான் நினைப்பார்கள். வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியமே இடம் தந்திருக்கிறது என்று போன மாதம் இதே குழுவில் பேசினோமே. ரிலேக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். சுமை நன்றாக இருக்கிறது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உதகை, சனி மாலை

கொடைக்கானல் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. நாம் தேட வேண்டியது ஒரு சொல் அல்ல, ஒரு ஜோடி. பழுது எந்தப் பக்கம் என்பதைச் சொல்லே காட்ட வேண்டும்.

ஏரிக்கு நீர்வரத்து என்கிறோம், வரத்துக் கால்வாய் என்கிறோம். லைன் பக்கம் குறைந்தால் வரத்துத் தொய்வு. மின்வழங்கியிலிருந்து கருவிக்குப் போவது குறைந்தால் வழங்கல் தொய்வு. இரண்டிலும் மின் என்ற முன்னொட்டே இல்லை. அதனால் மின்னுக்கம்பிச் சிக்கலும் இல்லை, மின்னல் குழப்பமும் இல்லை, கம்பத்தில் தொங்கும் கம்பியும் நினைவுக்கு வராது. கையேடு முழுவதும் மின்சாரத்தைப் பற்றியதுதானே, ஒவ்வொரு சொல்லிலும் மின் எதற்கு?

குன்னூர், ஞாயிறு மாலை

இன்று வகுப்பில் பத்தொன்பது பேர். கரும்பலகையில் மின்தொய்வு, மின்நலிவு, வரத்துத் தொய்வு, வழங்கல் தொய்வு, லோ வோல்டேஜ் என்று ஐந்தையும் எழுதினேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "எதை எங்கே அளப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

லோ வோல்டேஜுக்கு எல்லோரும் மெயின் சுவிட்சைக் காட்டினார்கள். அடாப்டர் முனையை ஒருவரும் காட்டவில்லை. மின்தொய்வுக்கு நான்கைந்து பேர் ஜன்னலுக்கு வெளியே கம்பத்தைக் காட்டினார்கள். தம்பி சொன்னது அப்படியே நடந்தது. மின்நலிவைப் பார்த்து ஒருவர் "மின்னல் பாதிப்பா சார்?" என்றார். வரத்துத் தொய்வுக்கு மெயின் பெட்டி, வழங்கல் தொய்வுக்கு அடாப்டரின் வெளிமுனை என்று பதினொரு பேர் உடனே சொன்னார்கள். மற்றவர்கள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சொன்னார்கள்.

ஆகவே அந்த ஜோடியே அச்சுக்குப் போகிறது. முதலில் வரும் இடத்தில் மட்டும் "லோ வோல்டேஜ், அதாவது" என்று தொடங்கி எழுதியிருக்கிறேன். லோடு சுமையாகிவிட்டது. ரிலே ரிலேயாகவே இருக்கிறது. கோத்தகிரி ஐயா மன்னிக்க வேண்டும். ஷாக் எச்சரிக்கை கட்டம் கட்டி, பக்கத்தின் தலையில்.

பழனி, ஞாயிறு இரவு

வகுப்பின் தீர்ப்பை ஏற்கிறேன். கையேட்டுக்கு அது சரி. ஆனால் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தொய்ந்த கயிற்றை இழுத்துக் கட்டினால் பழையபடி நிற்கும். தம்பி கழற்றிய அந்தக் காய்ந்த தேக்கி எத்தனை இழுத்தாலும் நிற்காது. அது நலிவு. உதகை மகளின் வழியிலேயே மின்னை எடுத்துவிட்டுச் சொல்கிறேன்: வரத்துத் தொய்வு இருக்கட்டும், மற்றது வழங்கல் நலிவு. இரண்டாம் பதிப்பு வந்தால் ஐயா நினைவில் வைக்க வேண்டும்.

கொடைக்கானல், திங்கள் காலை

அம்மா, மெலிசான ஒயரில் வரும் குறைவுக்கு? ஒயர் நலியவில்லையே.