கோழி கத்துறத வெச்சு என்ன சொல்லுதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

மொட்டைமாடி_மதுரை:
எல்லாருக்கும் வணக்கம். மாடியில நாலு சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். கோழி வளர்க்கிறது இதுதான் முதல் தடவை. நேத்து மத்தியானம் சேவல் திடீர்னு "கீர்ர்ர்"னு இழுத்துக் கத்துச்சு. எல்லாம் தண்ணித் தொட்டிக்கு அடியில ஓடிப் பதுங்கிடுச்சுங்க. சுத்திப் பார்த்தேன், பூனை கூட இல்ல. இன்னொரு பெட்டை முட்டை போட்டதும் பத்து நிமிஷம் ஊரைக் கூட்டுது, பக்கத்து வீட்டுல முகம் சுளிக்கிறாங்க. எதுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

பஞ்சாரத்துக்காரி (தாராபுரம் பக்கம்):
தம்பி, சுத்தி பார்த்தீங்க, மேல பார்த்தீங்களா? அந்த இழுத்த சத்தம் பருந்துக்கோ வைரிக்கோ உள்ளது. நம்ம கண்ணுக்குப் புள்ளியாத் தெரியுறதுக்கு முன்னாடியே சேவல் பார்த்துரும். தலையை ஒருச்சாய்ச்சு ஒத்தக் கண்ணால வானத்தைப் பார்க்கும் பாருங்க, அப்ப நீங்களும் அங்க பாருங்க. கீரி, நாய், பூனைன்னா சத்தமே வேற. கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்னுக்கிட்டு "கொக் கொக் கொக் கொக்கே"ன்னு விடாம கத்தும், ஒண்ணும் ஒளியாது.

இது நாங்களாச் சொல்றது இல்லீங்க. 1993-ல கிறிஸ்டோபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர்னு மூணு பேரு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. பதிவு பண்ணுன சத்தத்தை மட்டும் பெட்டைகளுக்குப் போட்டுக் காட்டுனாங்க. பருந்துச் சத்தத்துக்கு பெட்டைக பதுங்கி மேல பார்த்துச்சு, தரைச் சத்தத்துக்கு நிமிர்ந்து நின்னு சுத்திமுத்தும் பார்த்துச்சு. முன்னால எந்த எதிரியும் இல்ல, சத்தம் மட்டும்தான். எனக்கு இதைப் படிச்சப்ப அவ்வளவு சந்தோஷம். என் அப்பத்தா திண்ணையில இருந்தே "பருந்து வருது, குஞ்சை எடுத்துப் பஞ்சாரக் கூடையில கமுத்து"ன்னு சொல்லும், தலையைத் தூக்கிக் கூடப் பார்க்காது.

முட்டை போட்டுட்டு கேறுறது இயல்புதாங்க. கூட்டத்தை விட்டுத் தனியாப் போய் உக்காந்துச்சுல்ல, கேறுனா சேவல் வந்து கூட்டிட்டுப் போகும். முட்டைப் பெட்டியை மத்ததுக மேயுற எடத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, சீக்கிரம் அடங்குது, எங்க வீட்டுல அப்படித்தான்.

சேவல் "டுக் டுக் டுக்"னு சொல்லிக்கிட்டு ஒரு புழுவைக் கொத்தி எடுத்து எடுத்துக் கீழ போடும். பெட்டையைச் சாப்பிடக் கூப்பிடுது. இந்தச் சேவலை விக்காதீங்க, நல்ல சேவல்.

கரிசல்_நாட்டுக்கோழி:
அக்கா சொன்னது சரி. அடைக்கோழியைச் சேர்த்துக்கிறேன். அவயத்துக்கு, அதாவது முட்டையை அடைகாக்க, உக்காந்த கோழி கிட்ட கையைக் கொண்டு போனா இறகை விரிச்சு "கொர்ர்ர்"னு உறுமும், அதுக்கு நோய் எதுவும் இல்ல. 20-ஆம் நாள் வாக்குல முட்டையைக் காதுகிட்ட வெச்சா உள்ள இருந்து "கீ கீ"ன்னு கேக்கும், தாயும் தணிஞ்ச குரல்ல பதில் சொல்லும். பொரியுற நேரத்துல முட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதீங்க.

மொட்டைமாடி_மதுரை:
ரொம்ப நன்றிக்கா! சேவல் விடியக்காலம் 4 மணிக்கே கூவுது. கூண்டை இருட்டா மூடினா நிக்குமா? ராத்திரி ஒரு பெட்டைகிட்ட இருந்து லேசா கொறட்டை மாதிரி சத்தமும் வருது, அது என்ன?

பஞ்சாரத்துக்காரி:
மூடினா கொஞ்சம் குறையும், முழுசா நிக்காது. ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்துல 2013-ல பார்த்தாங்க, எந்நேரமும் மங்கல் வெளிச்சத்துலேயே வெச்சிருந்த சேவலும் விடியுற நேரம்னு அதுக்குள்ள இருக்குற கணக்கு சொன்னதும் கூவுச்சாம். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அப்பப்ப ரெண்டு முட்டை குடுங்க.

மத்ததை எல்லாம் விடுங்க, அந்த ராத்திரிச் சத்தத்தை இன்னைக்கே பாருங்க. எல்லாம் அடைஞ்சு அமைதியானதும் பக்கத்துல போய்க் கேளுங்க. "கொர் கொர்"னு மூச்சோட சேர்ந்து வந்தா, வாயைத் திறந்து இழுத்தா, மூக்குல சளி இருந்தா, உடனே அதைத் தனியாப் பிரிச்சுடுங்க. தண்ணி, தீவனத் தட்டும் தனி. காலையில கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. சளியாவும் இருக்கலாம், வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோயோட ஆரம்பமாவும் இருக்கலாம், சத்தத்தை மட்டும் வெச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது. எச்சம் பச்சையா, வெள்ளையா இருக்கான்னும் பார்த்துட்டுப் போங்க, டாக்டர் கேப்பாங்க. கழிச்சல் தடுப்பூசி போட்டீங்களா, எப்ப போட்டீங்கன்னு இங்க எழுதுங்க தம்பி.