ஸ்ட்ரென்காப்பியை சி தரத்திலிருந்து நீக்க வேண்டுமா?

கதிர்நிரல்:
சி மொழியில் உள்ளீட்டு வரியைப் படிக்கும் ஃபங்ஷனான கெட்ஸை (gets) 2011 தரத்தில் தூக்கிவிட்டார்கள். அடுத்துப் போக வேண்டியது சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, நகலெடுக்கும் ஸ்ட்ரென்காப்பி (strncpy). அளவே பார்க்காமல் நகலெடுக்கும் ஸ்ட்ர்காப்பி (strcpy) ஆபத்தானது, அளவு வாங்கிக்கொள்ளும் ஸ்ட்ரென்காப்பியைப் போடு என்று கல்லூரியிலேயே சொல்லித் தருகிறார்கள். 8 பைட் பஃபரில் (தரவை வைக்கும் நினைவக இடத்தில்) 8 எழுத்துப் பெயரை, அளவு 8 என்று கொடுத்து நகலெடுத்துப் பாருங்கள். எழுத்து எல்லாம் வந்து சேரும், முடிவைக் காட்டும் பூஜ்ய பைட் மட்டும் வராது. அப்புறம் சரத்தின் நீளத்தை எண்ணும் ஸ்ட்ர்லென் (strlen) எங்கேயாவது ஒரு பூஜ்யம் கிடைக்கும்வரை பஃபரைத் தாண்டிப் படித்துக்கொண்டே போகும். பாதுகாப்பு என்று நம்பிப் போட்ட வரியே ஓட்டையாகிறது.

பழையயூனிக்ஸ்:
கதிர், அது ஸ்ட்ர்காப்பிக்குப் பாதுகாப்பான மாற்று என்பதே தவறான பாடம். அதற்காக அதை உருவாக்கவில்லை. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஒரு டைரக்டரி பதிவு மொத்தம் 16 பைட். கோப்பை அடையாளம் காட்டும் ஐநோட் எண்ணுக்கு 2, கோப்பின் பெயருக்கு 14. பெயர் முழுசாக 14 எழுத்து இருந்தால் முடிவுப் பூஜ்யத்துக்கு இடமில்லை, தேவையும் இல்லை. இடத்தின் நீளம்தான் முன்பே தெரியுமே. பெயர் சின்னதாக இருந்தால் மீதியைப் பூஜ்யத்தால் நிரப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் முன்பு அங்கே கிடந்த குப்பை வட்டில் எழுதப்படும், 14 பைட்டையும் அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. ஸ்ட்ரென்காப்பி செய்வது இந்த இரண்டையும்தான். சி மொழியின் முதல் தரத்தை எழுதிய ஏ.என்.எஸ்.ஐ குழு வெளியிட்ட விளக்கவுரையும் இதையே காரணமாகச் சொல்கிறது.

கதிர்நிரல்:
வரலாறு சரி ஐயா. ஆனால் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை 1983இலேயே 255 எழுத்துப் பெயருக்குப் போய்விட்டது. அதற்கு 6 ஆண்டு கழித்து வந்த முதல் தரத்தில் இதை ஏன் ஸ்ட்ரிங் ஃபங்ஷன்களோடு உட்கார வைத்தார்கள்? பக்கத்தில் இருக்கும், ஒரு சரத்தின் முடிவில் இன்னொன்றைச் சேர்க்கும் ஸ்ட்ரென்கேட்டை (strncat) பாருங்கள். அது முடிவுப் பூஜ்யத்தை எப்போதும் போடும். ஆனால் அதற்குக் கொடுக்கும் எண் பஃபரின் அளவு இல்லை, இன்னும் எத்தனை எழுத்து சேர்க்கலாம் என்பது. ஒரே குடும்பம், இரண்டு விதி. 4096 பைட் பஃபரில் 5 எழுத்தை நகலெடுத்தால் மீதி 4091 இடத்திலும் பூஜ்யம் எழுதுவது தனிக் கொடுமை.

மீனா_கர்னல்:
மாற்று வராமல் இல்லை. ஓபன்பிஎஸ்டி 1998இல் ஸ்ட்ரெல்காப்பியைக் (strlcpy) கொண்டுவந்தது; இடம் போதாவிட்டால் சரத்தை வெட்டி, முடிவுப் பூஜ்யத்தைப் போட்டுவிடும். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சி அதைப் பல ஆண்டு ஏற்கவே இல்லை; சத்தமில்லாமல் வெட்டிவிட்டால் அது வேறொரு பிழையை மறைக்கும் என்பது அவர்கள் வாதம். கடைசியில் 2023இல் 2.38 பதிப்பில் சேர்த்தார்கள், 2024இல் யூனிக்ஸ் வகைகளுக்கான போசிக்ஸ் தரத்திலும் வந்துவிட்டது. வேடிக்கை இல்லை, நிஜமாகவே அதே 2024இல்தான் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஸ்ட்ரெல்காப்பியை முழுசாக நீக்கியது. மூலச் சரத்தின் முழு நீளத்தைத் திருப்பித் தர வேண்டியிருப்பதால், 10 பைட் போதும் என்றாலும் அது கடைசிவரை படிக்கும். மூலத்தில் முடிவுப் பூஜ்யம் இல்லையென்றால் என்ன ஆகும், யோசியுங்கள். கர்னலில் இப்போது ஸ்ட்ரெஸ்காப்பி (strscpy) வகைதான்: வெட்ட நேர்ந்தால் பிழை எண்ணையே திருப்பித் தரும்.

பழையயூனிக்ஸ்:
மீனா சொன்னதே என் பக்கம் பேசுகிறது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே நகல் ஃபங்ஷன் கிடையாது. கெட்ஸோடு இதை ஒப்பிடுவதையும் நான் ஏற்க மாட்டேன். கெட்ஸுக்குப் பஃபரின் அளவைச் சொல்ல வழியே இல்லை, யார் எவ்வளவு கவனமாக எழுதினாலும் காப்பாற்ற முடியாது. 1988 நவம்பரில் மாரிஸ் புழு என்ற தீநிரல், பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சேவையின் 512 பைட் பஃபரை உடைத்துக்கொண்டு நுழைந்தது அந்த வழியில்தான். ஸ்ட்ரென்காப்பி அப்படியில்லை, உரிய இடத்தில் துல்லியமாக வேலை செய்யும். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் (tar) கோப்பின் தலைப்பில் பெயருக்கு 100 பைட். 100ம் நிறைந்தால் முடிவுப் பூஜ்யம் இருக்காது. இது இன்றும் புழக்கத்தில் இருக்கும் வடிவம். அதை எழுதும் நிரலுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

கதிர்நிரல்:
முதலில் இடம் முழுக்கப் பூஜ்யம் நிரப்ப மெம்செட், அப்புறம் அளவு பார்த்து பைட்டுகளை நகலெடுக்க மெம்காப்பி. இரண்டே வரி, படிப்பவருக்கும் எழுதியவர் என்ன நினைத்தார் என்று புரியும்.

பழையயூனிக்ஸ்:
அந்த இரண்டு வரியை நூறு இடத்தில் எழுதினால் ஓரிடத்தில் அளவு தவறும். அதற்குத்தானே லைப்ரரி?

மீனா_கர்னல்:
ஜிசிசி கம்பைலரின் 8ஆம் பதிப்பில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. முடிவுப் பூஜ்யம் விடுபடும் வாய்ப்பு தெரிந்தால் கம்பைலர் எச்சரிக்கும். டார் தலைப்பு மாதிரியான இடங்களை நான்ஸ்ட்ரிங் (சரம் அல்ல) என்று குறித்துவிட்டால் எச்சரிக்கை வராது. அதே இடத்தை ஸ்ட்ர்லெனுக்குக் கொடுத்தாலும் பிடித்துவிடும்.

கதிர்நிரல்:
அது ஜிசிசியின் வசதி, தரத்தில் இல்லை. நான்ஸ்ட்ரிங் குறியைத் தரத்தில் சேர்த்து, குறி இல்லாத இடத்தில் ஸ்ட்ரென்காப்பி போட்டால் கட்டாயம் எச்சரிக்க வேண்டும் என்று எழுதட்டும். அப்படியென்றால் நீக்கச் சொல்வதை விட்டுவிடுகிறேன்.

பழையயூனிக்ஸ்:
புதிய நிரலுக்கு அது எனக்கும் சம்மதம். ஆனால் 1979 முதல் எழுதிக் குவித்த நிரலில் யார் போய்க் குறி வைப்பது? எச்சரிக்கை ஆயிரக்கணக்கில் கொட்டினால் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவார்கள்.