ஹோட்டல் ரெவென்யூ மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸ், அமெரிக்கா: முதல் செமஸ்டர்ல என்ன பார்க்கணும்?

கேள்வி: எல்லாருக்கும் வணக்கம். பி.இ. முடிச்சிட்டு சென்னையில ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸ்ல வேலை பார்த்தவன். இப்போ எஃப்-1 மாணவர் விசாவுல வந்து ஹாஸ்பிடாலிட்டி மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கேன், ரெவென்யூ அனலிடிக்ஸ் (எந்த ரூமை யாருக்கு என்ன விலைக்கு விக்கணும்னு கணக்கு போடறது) ஸ்பெஷலைசேஷன். வேலைக்கும் விசாவுக்கும் இப்பவே என்ன செஞ்சு வைக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க அண்ணா, அக்கா.

பதில் 1

தம்பி, பாடம் இருக்கட்டும், முதல்ல ஐ-20யை (விசாவுக்காக காலேஜ் குடுத்த படிவம்) எடுங்க. மேஜர்னு இருக்கற இடத்துல ஆறு இலக்கத்துல ஒரு சிஐபி கோட் (படிப்பு எந்த வகைன்னு காட்டற எண்) இருக்கும். 52.0901னு இருந்தா அது பொதுவான ஹாஸ்பிடாலிட்டி நிர்வாகம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியல்ல கிடையாது. உங்க ஓபிடி (படிப்பு சார்ந்த வேலை பார்க்கக் கிடைக்கற அனுமதி) 12 மாசத்தோட சரி. மேனேஜ்மென்ட் சயின்ஸுக்கான 52.1301, பிசினஸ் அனலிடிக்ஸுக்கான 30.7102 மாதிரி இருந்தா மேல 24 மாசம் நீட்டிக்கலாம்.

காலேஜ் விளம்பரத்துல 'அனலிடிக்ஸ்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கறதால மட்டும் ஸ்டெம் ஆயிடாது. ஸ்பெஷலைசேஷன் தனியா கோடை மாத்தாது. பட்டம் எந்தக் கோடுல பதிவாகியிருக்கோ அதுதான் கணக்கு. அதே காலேஜ்ல ஸ்டெம் கோடுள்ள வேற ப்ரோக்ராம் இருந்து அதுக்கு மாறணும்னா இந்த செமஸ்டர்லயே டிஎஸ்ஓகிட்ட (வெளிநாட்டு மாணவர் விசா விஷயத்தைப் பார்க்கற காலேஜ் அதிகாரி) போய்ப் பேசுங்க. மூணாவது செமஸ்டர்ல போனா முடிச்ச கிரெடிட் பாதி அங்க ஒத்து வராது.

பி.இ. இருக்கே, அதை வெச்சு நீட்டிக்க முடியாதானு அடுத்து கேப்பீங்க. முடியாது. முந்தின பட்டத்தை வெச்சு நீட்டிக்கற வழி ஒண்ணு இருக்கு, ஆனா அந்தப் பட்டம் அமெரிக்க காலேஜ்ல வாங்கினதா இருக்கணும்.

தேதிகளைக் காலண்டர்ல இப்பவே போட்டு வைங்க. சிபிடி (படிக்கும்போதே பாடத்தோட பாகமா பார்க்கற வேலைக்கான அனுமதி) பொதுவா ஒரு முழு கல்வி ஆண்டு முடிஞ்ச பிறகுதான். முழுநேர சிபிடி 12 மாசம் ஆயிட்டா ஓபிடியே போயிடும். வாரம் 20 மணி நேரத்துக்கு மேல போகாத சிபிடி அந்தக் கணக்குல வராது. ஓபிடிக்கு ஐ-765 படிவத்தை ப்ரோக்ராம் முடியறதுக்கு 90 நாள் முன்னாடியிலிருந்து அனுப்பலாம், முடிஞ்சு 60 நாளோட வாசல் மூடிடும். டிஎஸ்ஓ சிஸ்டத்துல சிபாரிசு போட்டதுல இருந்து 30 நாளுக்குள்ள விண்ணப்பம் போய்ச் சேரணும். சிபாரிசை வாங்கிட்டு போட்டோ, ஃபீஸ்னு இழுத்தடிச்சு கோட்டை விடறவங்க வருஷா வருஷம் இருக்காங்க. ஓபிடி தொடங்கின பிறகு வேலை இல்லாம இருக்கற நாள் மொத்தம் 90ஐத் தாண்டக்கூடாது.

ஹோட்டல் துறைக்கே உள்ள ஒரு சிக்கல்: ஸ்டெம் நீட்டிப்புக்கு முதலாளி இ-வெரிஃபைல (வேலை பார்க்க அனுமதி இருக்கானு சரிபார்க்கற அரசு சிஸ்டம்) பதிவாகியிருக்கணும். வாசல்ல பெரிய பிராண்ட் போர்டு தொங்கும், ஆனா சம்பளம் குடுக்கறது ஃப்ரான்சைஸ் எடுத்தவரோ, ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனியோ. பதிவு இருக்கானு பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டுல வர்ற கம்பெனி பேருக்கு. ஆஃபர் கைக்கு வந்ததும் முதல் கேள்வியா இதைக் கேளுங்க. ஐ-983 பயிற்சித் திட்டத்துல யார் கையெழுத்து போடுவாங்கன்னும் சேர்த்துக் கேட்டுடுங்க.

பதில் 2

விசா பத்தி அண்ணன் சொல்லிட்டார். நான் பாடத்துக்கு வர்றேன். ஏடிஆர் (வித்த ரூமோட சராசரி விலை), ஆக்குபன்ஸி (எத்தனை சதவீத ரூம் நிரம்பிச்சு), ரெண்டையும் பெருக்கினா ரெவ்பார் (இருக்கற ஒவ்வொரு ரூமுக்கும் வர்ற வருமானம்). இது ஃப்ரண்ட் ஆபீஸ்ல இருந்த உங்களுக்குத் தெரிஞ்சதுதான். இன்டர்வியூல ஆளை வடிகட்டறது வேற இடத்துல: எந்த புக்கிங்கை வேண்டாம்னு சொல்லணும்னு உங்களுக்குத் தெரியுமா?

1972ல பிஓஏசி விமான நிறுவனத்துல இருந்த கென் லிட்டில்வுட் எழுதின விதிதான் அடிப்படை. கணக்கா பாருங்க. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. 120 டாலர் ரேட்டுக்கு முன்கூட்டியே எவ்வளவு ஆள் வேணும்னாலும் வருவாங்க. 200 டாலர் குடுக்கறவங்க கடைசி நேரத்துல வருவாங்க. அவங்க டிமாண்ட் சராசரி 40, திட்ட விலக்கம் 10. அவங்களுக்குன்னு எத்தனை ரூம் பிடிச்சு வைக்கணும்?

பலபேர் பட்டுனு 40னு சொல்வாங்க. தப்பு. நாற்பதாவது ரூம் 200க்குப் போற வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான், அப்போ அதோட எதிர்பார்ப்பு மதிப்பு 100. கையில இருக்கற 120ஐ விட்டுட்டு 100க்குக் காத்திருக்கற மாதிரி ஆயிடும். 120ஐ 200ஆல வகுத்தா 0.6. அந்த ரூம் 200க்குப் போற வாய்ப்பு 60 சதவீதத்துக்குக் கீழ இறங்கற இடத்துல நிறுத்தணும். நார்மல் பரவல்ல அது 37.5க்குப் பக்கத்துல வரும். 37 ரூம். எக்செல்ல நார்ம்.இன்வ் (NORM.INV) போட்டு 0.4 (அதாவது 1லிருந்து 0.6 கழிச்சது), 40, 10 குடுத்தா அதே விடை வரும். 0.6ஐ அப்படியே போட்டா 42.5 வரும், அங்கதான் நிறைய பேர் வழுக்கறாங்க.

ரெண்டாவது, க்ரூப் டிஸ்ப்ளேஸ்மென்ட்: ஒரு க்ரூப்பை எடுத்தா, அதனால திருப்பி அனுப்ப வேண்டிய தனி ஆட்களால எவ்வளவு இழப்புன்னு பார்க்கறது. 150 ரூம் ஹோட்டல். ஒரு க்ரூப் 40 ரூம் கேக்குது, ரேட் 130. தனியா வர்றவங்க ஃபோர்காஸ்ட் 125, ரேட் 180. க்ரூப்பை எடுத்தா மிச்சம் 110 ரூம், 15 பேரைத் திருப்பி அனுப்பறோம். இழப்பு 2,700, வரவு 5,200. கூடுதலா நிரம்பற 25 ரூமுக்கு ரூமுக்கு 30 டாலர் செலவு வெச்சாலும் 750; நிகரம் 1,750 கைல நிக்கும். எடுக்கலாம். ஆனா அதே க்ரூப் அடுத்த ராத்திரியும் தங்குது, அன்னிக்கு ஃபோர்காஸ்ட் 150னா? 40 பேரையும் அனுப்பணும், இழப்பு 7,200, வரவு 5,200, அன்னிக்கு 2,000 நஷ்டம். ரெண்டு ராத்திரியும் சேர்த்தா 250 கீழ. இப்போ சேல்ஸ் டீம் 'பேங்க்வெட் (க்ரூப்போட விருந்து) இருக்கே'ன்னு வருவாங்க. பேங்க்வெட் பில் மொத்தத்தைச் சேர்க்காதீங்க, அதுல மிஞ்சற லாபத்தை மட்டும் சேருங்க.

எஸ்டிஆர் ரிப்போர்ட் (நம்ம ஹோட்டலைப் போட்டி ஹோட்டல்களோட ஒப்பிடறது; 100னா சரிசமம்) வாசிக்கக் கத்துக்கோங்க. ஏஆர்ஐ (விலை) 110, எம்பிஐ (ஆக்குபன்ஸி) 85னா ஆர்ஜிஐ (ரெவ்பார்) 93.5. விலையில போட்டி ஹோட்டல்களை மிஞ்சியாச்சு, ஆள் வரலை, கடைசில நம்ம பங்கு குறைஞ்சிருக்கு. ஆர்ஜிஐ ஒண்ணை மட்டும் பார்க்கறவர் காரணத்தைக் கோட்டை விட்டுடுவார். சிஎச்ஐஏ சான்றிதழ் பரீட்சை இந்த ரிப்போர்ட்டைச் சுத்தித்தான். காலேஜ்ல எழுத வழி இருந்தா எழுதிடுங்க. அது மட்டும் வேலை வாங்கித் தராது.

ஃபோர்காஸ்ட்ல திரும்பத் திரும்ப வர்ற தப்பு ரெண்டு. போன வருஷத்தோட ஒப்பிடும்போது 365 நாள் பின்னாடி போறது: சனிக்கிழமையை வெள்ளிக்கிழமையோட ஒப்பிட்ட மாதிரி. 364 நாள் போங்க, ஈஸ்டர் மாதிரி இடம் மாறற நாளைத் தனியா எடுத்து வைங்க. இன்னொண்ணு, ஹோட்டல் நிரம்பின நாளோட விற்பனையை டிமாண்ட்னு எடுத்துக்கறது. 150 ரூம் வித்துதுன்னா டிமாண்ட் 150 இல்ல, குறைஞ்சபட்சம் 150.

பதில் 3

ப்ராஜெக்ட் பத்தி யாரும் சொல்லலை, அதனால நான். எல்லாரும் எடுக்கறது போர்ச்சுகல்ல இருந்து 2019ல வெளியான ஹோட்டல் புக்கிங் டேட்டாதான். அல்கார்வ் ரிசார்ட் ஒண்ணு, லிஸ்பன் சிட்டி ஹோட்டல் ஒண்ணு, மொத்தம் 1,19,390 வரி, 2015 ஜூலையிலிருந்து 2017 ஆகஸ்ட் வரை. நல்ல டேட்டா, ஆனா கண்ணி நிறைய.

கேன்சல் ஆகுமானு கணிக்கற மாடல்ல ரிசர்வேஷன் ஸ்டேட்டஸ் காலத்தை (column) எடுக்காம உள்ளேயே வெச்சிருந்தா 100 சதவீதம் துல்லியம் வரும். விடையே அதுலதான் இருக்கு. நாடு காலம் அதைவிட நைசான வேலை பண்ணும்: செக்-இன்லதான் பாஸ்போர்ட் பார்த்துத் திருத்துவாங்க, அதுவரை போர்ச்சுகல்னே கிடக்கும். அதனால போர்ச்சுகீசியர்தான் அதிகமா கேன்சல் பண்றாங்கன்னு மாடல் பழி போடும். ஏடிஆர்ல மைனஸ்ல ஒரு மதிப்பும் 5,400னு ஒரு மதிப்பும் இருக்கு, சராசரி எடுக்கறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க. ஏஜென்ட் காலத்துல காலியா இருந்தா விட்டுப்போன டேட்டா இல்ல, ஏஜென்ட் வழியா வரலைன்னு அர்த்தம். அதுல சராசரியை நிரப்பாதீங்க.

மாடலுக்குப் பயிற்சி டேட்டாவும் சோதனை டேட்டாவும் பிரிக்கும்போது குலுக்கிப் போடாம தேதிப்படி பிரிங்க. 2017ஐ வெச்சு 2016ஐக் கணிச்சு யாருக்கும் பிரயோஜனமில்ல. எஸ்க்யூஎல், எக்செல், டாப்லோ இந்த மூணும் கை வந்தா போதும். பைத்தான் இருந்தா கூடுதல்.

கேள்வி: நன்றி அக்கா, அண்ணா. தெரிஞ்சவர் ஒருத்தர் மோட்டல்ல வார இறுதி ஷிஃப்ட், கையில கேஷ்னு சொல்றார். அனுபவமும் ஆச்சுன்னு பார்க்கறேன்...

பதில் 1

வேண்டவே வேண்டாம் தம்பி. கேஷா குடுத்தாலும் செக்கா குடுத்தாலும் அனுமதியில்லாத வேலை அனுமதியில்லாத வேலைதான், ஸ்டேட்டஸ் போயிடும். ரெஸ்யூமேல போட முடியாத அனுபவம் எதுக்கு?

உங்க கேம்பஸ்ல காலேஜ் ஹோட்டல் இருக்கானு பாருங்க. ஹோட்டல் ஸ்கூல் உள்ள சில இடத்துல இருக்கும், கார்னெல்ல ஸ்டாட்லர் மாதிரி. வகுப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரைக்கும் கேம்பஸ் வேலை பார்க்கலாம், எழுத்துல டிஎஸ்ஓகிட்ட உறுதிப்படுத்திக்கோங்க. சோஷியல் செக்யூரிட்டி நம்பருக்கும் அந்த வேலைக் கடிதம்தான் வேணும். கிடைச்சா நைட் ஆடிட் (ராத்திரி அன்னிக்குக் கணக்கை முடிக்கற ஷிஃப்ட்) கேளுங்க. தூக்கம் கெடும், ஆனா நோ-ஷோ (புக் பண்ணிட்டு வராதவங்க), செக்மென்ட் வாரியா வரவு, அன்னிக்கு ஏறின புக்கிங் எல்லாம் அந்த ஷிஃப்ட்லதான் கண்ணு முன்னாடி ஓடும்.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி பிடிச்சிருக்காங்களானு பாருங்க. எஃப்-1ல புதுசா வந்தவங்களுக்கு முதல் ஐந்து காலண்டர் வருஷம் அது பொதுவா கிடையாது. பிடிச்சிருந்தா பேரோல்ல சொல்லித் திருப்பி வாங்குங்க. அவங்க தரலைன்னா படிவம் 843ஓட 8316ஐச் சேர்த்து ஐஆர்எஸ்ஸுக்கு (வருமான வரித் துறை) அனுப்பணும். சம்பளமே இல்லாத வருஷத்துக்கும் படிவம் 8843 அனுப்பணும், மறந்துடாதீங்க.